சென்டில் நின்றுபோகும் புரோகிராம்: பிசென்ட் போட்டால் போதுமா?

வணக்கம் மக்களே! கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்கும். ஜன்னலை மூடினால் வேர்த்துக் கொட்டும், அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி எம்பிஐ கோடு அனுப்பியிருக்கிறார். எம்பிஐ என்றால், ஒன்றாக ஓடும் பல பிராசஸ்கள் தங்களுக்குள் மெசேஜ் அனுப்பிக்கொள்வதற்கான தரம். “அண்ணா, நூறு எண் அனுப்பினா ஓடுது, ஒரு லட்சம் அனுப்பினா அப்படியே நிக்குது, எர்ரரும் வரலை” என்கிறார்.

திரையைப் பாருங்கள். இரண்டு பிராசஸ், ஒவ்வொன்றுக்கும் உள்ள எண்தான் ரேங்க். ரேங்க் 0 முதலில் சென்ட், அப்புறம் ரிசீவ். ரேங்க் 1-ம் அதே வரிசை. டபுள் என்பது 8 பைட் தசம எண், நூறு என்றால் 800 பைட். இவ்வளவு சின்னதை லைப்ரரியே உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது, சென்ட் உடனே திரும்பிவிடுகிறது. ஒரு லட்சம் என்றால் 8 லட்சம் பைட். இப்போது எதிர்ப்பக்கம் ரிசீவுக்கு வரும்வரை சென்ட் காத்திருக்கிறது. எதிர்ப்பக்கமோ தன் சென்டிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. இப்படி ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பதுதான் டெட்லாக்.

லைப்ரரியைத் திட்டாதீர்கள். சாதா சென்ட் மெசேஜை பஃபர் செய்யலாம், அதாவது உள்ளே வாங்கி வைக்கலாம், செய்யாமலும் விடலாம் என்பது 1994-ல் வந்த முதல் எம்பிஐ தரத்திலிருந்தே உள்ள விதி. ஆக, நூறு எண்ணுக்கு ஓடியபோதே இது தப்பான புரோகிராம்தான். சந்தேகமிருந்தால் எல்லா சென்டையும் எஸ்சென்ட் ஆக்கி ஓட்டுங்கள். எதிரில் ரிசீவ் தொடங்காமல் எஸ்சென்ட் திரும்பாது. இதோ, நூறு எண்ணுக்கே நின்றுவிட்டது. கன்ட்ரோல் சி அடித்து நிறுத்துகிறேன்.

சரி, பிசென்ட், அதாவது பஃபரில் வைத்து அனுப்பும் சென்ட். ஹாஸ்டல் வாட்ச்மேன் மேசையில் பார்சலை வைத்துவிட்டுக் கிளம்புவது மாதிரி. வாங்க வேண்டியவர் எப்போது வந்தாலும் நமக்குக் கவலையில்லை. ஆனால் அந்த மேசையை நாம்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதுதான் பஃபர் அட்டாச். அளவு எவ்வளவு? மெசேஜுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்லும் பேக் சைஸ் ஃபங்ஷன் கொடுக்கும் எண்ணோடு, ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு பிசென்ட் ஓவர்ஹெட், அதாவது லைப்ரரியின் சொந்தக் கணக்குக்கான இடம், கூட்ட வேண்டும். பலரும் இந்த ஓவர்ஹெட்டைத்தான் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், லூப்பில் பிசென்ட் போட்டுக்கொண்டே போய், ரிசீவ் செய்கிறவர் மெதுவாக இருந்தால் மேசை நிறைந்துவிடும். நிறைந்தால் பிசென்ட் காத்திருக்காது, எர்ரர்தான். எர்ரர் ஹேண்ட்லரை மாற்றாமல் விட்டிருந்தால் மொத்த புரோகிராமும் விழுந்துவிடும்.

இப்போது முக்கியமான இடம். தம்பி பிசென்டும் போட்டுப் பார்த்திருக்கிறார், அப்போதும் நிற்கிறது. ஏன்? பிசென்ட் முடிந்த கையோடு டிட்டாச், அதாவது மேசையைத் திரும்ப எடுத்துக்கொள்வது, அதற்குப் பிறகுதான் ரிசீவ். பஃபரில் கிடக்கும் மெசேஜ் எல்லாம் போய்ச் சேரும்வரை டிட்டாச் நகராது. இரண்டு பேரும் டிட்டாச்சில் நின்றால் ரிசீவுக்கு யார் வருவது? பழைய டெட்லாக்கே ஒரு வரி தள்ளி வந்து உட்கார்ந்துவிட்டது. டிட்டாச்சை ரிசீவுக்குக் கீழே இறக்குகிறேன்... ஓடிவிட்டது.

ஆனாலும் இந்த வேலைக்கு நான் பிசென்ட் போட மாட்டேன். 8 லட்சம் பைட்டை வீணாக ஒருமுறை காப்பி அடிக்கிறது. மாற்றிக்கொள்வது இரண்டே பேர், யார் யாரோடு என்பதும் தெரியும். அனுப்புவதையும் வாங்குவதையும் சேர்த்தே செய்யும் சென்ட்ரெசிவ் ஒரே வரியில் முடித்துவிடும். எப்போதாவது போகிற சின்ன மெசேஜ், அதற்காகக் கணக்கு நிற்கக்கூடாது என்றால் பிசென்ட் சரி. ஒரு பிராசஸுக்கு ஒரே பஃபர் என்ற கட்டுப்பாடும் 2023-ல் வந்த எம்பிஐ 4.1-ல் தளர்ந்துவிட்டது, கம்யூனிகேட்டருக்கு, அதாவது தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பிராசஸ் குழுவுக்கு, ஒன்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் கல்லூரி லேபில் அந்த வெர்ஷன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கோடு கீழே டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது. உங்கள் ப்ராஜெக்டில் எஸ்சென்ட் போட்டு ஓட்டி, எந்த வரியில் நின்றது என்று கமென்டில் போடுங்கள்.