எம்.எஸ். போடுவதா, பிஎச்.டி. போடுவதா?

[திரையில்: வாளையார் வழியாகக் கோவைக்குப் போகும் கல்லூரி பஸ்கள்]

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பிள்ளை பொறியியல் முடித்து மேலே படிக்க வேண்டும் என்றதும் எழும் கேள்வி: "பணம் யார் கட்டுவது?" சரியான கேள்வி. முதுகலைப் பட்டமான எம்.எஸ்.ஸும் ஆய்வுப் பட்டமான பிஎச்.டி.யும் பிரிவதே அங்கேதான்.

அமெரிக்காவில் எம்.எஸ். என்றால் பெரும்பாலும் நம் பணம் அல்லது வங்கிக் கடன். பொறியியல் பிஎச்.டி.க்குப் பொதுவாகக் கட்டணமும் கிடையாது, மாத உதவித்தொகையும் உண்டு. அது பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்தோ, வகுப்பு உதவியாளர் வேலைக்கான ஊதியமாகவோ வரும். அங்கே பி.டெக். முடித்த கையோடு பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியில் பொதுவாக முதுகலை முடித்திருக்க வேண்டும்.

"பிறகென்ன, பிஎச்.டி.க்கே போடு. நடுவில் எம்.எஸ். பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்" என்று சொல்லிக்கொடுக்கும் அண்ணன்மார் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், இடம் கிடைக்க வேண்டுமே!

[திரையில்: விண்ணப்பப் படிவம்]

எம்.எஸ். விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு எடை அதிகம். பிஎச்.டி. விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியரோ, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் தன் ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளப்போகும் ஆளைத் தேடுகிறார். "சிறு வயது முதலே இயந்திரங்கள் மீது ஆர்வம்" என்ற வரி அவருக்கு எதற்கு? இறுதியாண்டு புராஜெக்டில் எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை, அடுத்து எதைச் சோதிப்பீர்கள்? இதை உங்களால் ஒரு பக்கம் எழுத முடிந்தால் பிஎச்.டி.க்குத் துணிந்து போடுங்கள். பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். நீங்கள் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுத வேண்டும். வருகைப் பதிவேட்டில் மட்டும் உங்களை அறிந்த துறைத் தலைவர் எழுதிப் பயனில்லை.

அந்த ஒரு பக்கம் வரவில்லையா? கடன் வாங்கும் முன் கஞ்சிக்கோட்டை எட்டிப் பாருங்கள். 2015-இல் தொடங்கிய, இப்போது அங்கிருக்கும் பாலக்காடு ஐ.ஐ.டி.யில் எம்.டெக். உண்டு, ஆய்வு வழி எம்.எஸ்.ஸும் உண்டு. கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்பவர்களுக்கான உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய், பிஎச்.டி.க்கு முதல் இரண்டு ஆண்டுகள் 37,000. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால் அவசரமும் இல்லை.

[திரையில்: டிசம்பர் நாள்காட்டி]

அமெரிக்க பிஎச்.டி. விண்ணப்பங்களுக்குப் பல துறைகளில் டிசம்பரே கடைசி. சில படிவங்களில், "பிஎச்.டி. கிடைக்காவிட்டால் எம்.எஸ்.ஸுக்குப் பரிசீலிக்கலாமா?" என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் போடும் முன் வீட்டில் பேசிவிடுங்கள்: அப்படி வரும் எம்.எஸ். இடத்தோடு பெரும்பாலும் உதவித்தொகை வராது.