தோலுக்குப் பின்னால் இருக்கும் கை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் மரபிசையில் ஒலிக்கும் பௌரான் என்ற தோற்கருவியைப் பற்றி, அதைக் கற்க விரும்புவோரை மனத்தில் கொண்டு பேச வந்திருக்கிறேன்.

பெரும்பாலும் 35 முதல் 45 சென்டிமீட்டர் வரை விட்டமுள்ள வட்டமான மரச்சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஆட்டுத்தோலை இழுத்துப் பொருத்தி, மறுபக்கத்தைத் திறந்தே விட்டிருப்பார்கள். டிசம்பர் 26ஆம் நாள், வேடம் புனைந்து வீடு வீடாகப் பாடிச் செல்லும் ரென் விழாக் கூட்டத்தாரின் கையில் ஒலித்துவந்த இக்கருவிக்கு, 1960களில் ஷான் ஓ ரியடா என்ற இசையமைப்பாளர் தம் குழுவில் இடம் அளித்த பிறகே கச்சேரி மேடையில் மதிப்புக் கிடைத்தது. அக்குழுவில் வாசித்த பீடர் மெர்சியர் பின்னர் சீஃப்டன்ஸ் என்ற புகழ்பெற்ற அயர்லாந்து மரபிசைக் குழுவிலும் வாசித்ததால், அதன் நாதம் உலகெங்கும் பரவியது.

உட்கார்ந்து, கருவியை இடத்தொடைமேல் செங்குத்தாக நிறுத்தி, டிப்பர் எனப்படும் சிறு மரக்கோலை எழுதுகோலைப் போல் வலக்கையில் பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றி மேலும் கீழுமாகத் தோலைத் தட்ட வேண்டும். ஜிக் என்ற நடன மெட்டு ‘தகிட தகிட’ என்று ஆறு எண்ணிக்கையில் நடக்கும். கோல் கீழ், மேல், கீழ் என்று மாறி மாறிச் செல்வதால், முதல் தகிட கீழ்வீச்சில் தொடங்கினால் இரண்டாவது தகிட மேல்வீச்சில் தொடங்கும். அந்த மேல்வீச்சிலும் அதே அழுத்தம் விழ வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ‘தகதிமி தகதிமி’ என்று நான்கு நான்காக ஓடும் ரீல் என்ற நடன மெட்டில் ஒவ்வொரு தகதிமியும் கீழ்வீச்சிலேயே தொடங்குவதால் இந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் என் கருத்தில், பௌரானுக்கு உயிர் கொடுப்பது திறந்த பக்கத்தின் வழியே உள்ளே நுழைந்து தோலின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடக்கைதான். உள்ளங்கையை அழுத்தினால் சுருதி ஏறும், அதிர்வு சுருங்கும். தளர்த்தினால் ஆழ்ந்த கும்காரம் எழும். பல மாணவர்கள் கோல் வேகத்தில் மயங்கி இந்தக் கையை மறந்துவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

ஈரக்காற்றில் தோல் தளரும், வறண்ட அறையில் விறைக்கும். விறைத்த தோலில் சிறிது நீர் தடவிப் பதப்படுத்துவார்கள். கஞ்சிரா வித்வான்களின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இக்காலக் கருவிகள் பலவற்றில் சுருதி சேர்க்கும் திருகுகளும் உள்ளன.

ஃபிடிலும் குழலும் வாசிக்கும் மெட்டைத் தாங்கிச் செல்வதே பௌரானின் பணி என்பதால், அந்த மெட்டு மனப்பாடமாக இருக்க வேண்டும். பெரும்பாலான மெட்டுகளில் எட்டு ஆவர்த்தனம் கொண்ட இரண்டு பகுதிகள் உண்டு; ஒவ்வொன்றையும் இருமுறை வாசிப்பார்கள். முதற்பகுதியிலிருந்து இரண்டாவதற்கு மாறும் இடத்தை வாய்விட்டு முணுமுணுத்தே பழகுங்கள். மதுவிடுதிகளில் கலைஞர்கள் கூடி வாசிக்கும் செஷன்களில் ஒரு நேரத்தில் ஒரு பௌரான் ஒலிப்பதையே விரும்புவார்கள். ஆகவே, அங்கே ஏற்கெனவே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தால், அவர் இடம் தரும்வரை காத்திருந்து மெட்டுகளைக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.