ஒரு மேசையும் ஓர் எழுதுகோலும்: பக்தியார் வஹாப்சாதேயின் ‘குலிஸ்தான்’

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். அஜர்பைஜான் நாட்டுக் கவிஞர் பக்தியார் வஹாப்சாதே கவிதை, நாடகம், ஆய்வு என்று நிறைய எழுதியவர். அவற்றுள் ‘குலிஸ்தான்’ என்னும் நெடுங்கவிதையைப் பற்றியே இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன். அவருடைய வாழ்க்கையைத் திசைதிருப்பிய படைப்பு அதுதான்.

1925ஆம் ஆண்டு, காகசஸ் மலையடிவாரத்து ஷேகி நகரில் பிறந்த அவர், ஒன்பது வயதில் குடும்பத்தாருடன் தலைநகர் பாகூவுக்கு வந்து, அங்கேயே மொழியும் இலக்கியமும் பயின்று, தாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியரானார். அஜர்பைஜான் சோவியத் ஆட்சியின்கீழ் இருந்து, அலுவல்களில் ருஷ்ய மொழி ஓங்கியிருந்த 1954இல் ‘தாய்மொழி’ என்ற கவிதையை எழுதினார். நம் முதற்பாட்டாகிய தாலாட்டைத் தாய் தன் பாலோடு சேர்த்து, அந்த மொழியிலேயே துளித்துளியாக நம் உயிருக்குள் புகட்டுகிறாள் என்கிறது அக்கவிதை.

இனி ‘குலிஸ்தான்’. ருஷ்யப் பேரரசும் ஈரானும் போரிட்டு, 1813இல் கராபாக் பகுதியிலுள்ள குலிஸ்தான் என்னும் சிற்றூரில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1828இல் எழுதப்பட்ட துர்க்மன்சாய் ஒப்பந்தம் அராஸ் ஆற்றை எல்லையாக்கிற்று. ஒரே மொழி பேசிய அஜர்பைஜான் மக்களுள் ஆற்றுக்கு வடக்கே இருந்தவர்கள் ருஷ்யாவின் குடிகளாகவும், தெற்கே தப்ரீஸ் பக்கம் இருந்தவர்கள் ஈரானின் குடிகளாகவும் ஆனார்கள். இந்தப் பெருந்துயரைச் சொல்லவந்த கவிஞர் போர்க்களத்தைக் காட்டவில்லை என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. ஒருவர் பட்டுக் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியை மெல்லத் துடைத்து அணிகிறார்; மேசைமேல் குனிந்து முத்திரையை ஒருமுறையும் கையொப்பத்தை ஒருமுறையும் பார்க்கிறார்; உதட்டோரம் புன்னகைத்தபடி தாமும் கையெழுத்திடுகிறார். அந்த எழுதுகோல் ஒரு மக்களினத்தை வாளைப்போல் இரண்டாகப் பிளந்தது என்கிறார் கவிஞர். கண்ணாடி துடைக்கும் அந்த நிதானம் இருக்கிறதே, அதைவிடக் கொடிய காட்சி அக்கவிதையில் இல்லை என்பது என் எண்ணம். எவருடைய நிலம் பிரிக்கப்படுகிறதோ, அவர்களை யாரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

1959இல் எழுதப்பெற்ற இக்கவிதை, அடுத்த ஆண்டு அவர் பிறந்த ஷேகியின் உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளிவந்தது. பழைய ஜார் மன்னர்களின் ருஷ்யாவைக் குற்றம் சாட்டுவதையே சோவியத் ஆட்சி பொறுத்துக்கொள்ளவில்லை. தேசியவாதி என்ற பழி சுமத்தப்பட்டு, 1962இல் பல்கலைக்கழகப் பணியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். இரண்டாண்டுகளுக்குப் பிறகே திரும்ப முடிந்தது. அதே அரசு 1984இல் அவருக்கு ‘மக்கள் கவிஞர்’ பட்டம் அளித்தது.

பட்டம் அவரை அடக்கிவிடவில்லை. 1990 ஜனவரி 20 அன்று சோவியத் படைகள் பாகூவுக்குள் புகுந்து பொதுமக்களைச் சுட்டு வீழ்த்தியபோது, அறுபத்து நான்கு வயதிலிருந்த அவர் ‘தியாகிகள்’ என்னும் நெடுங்கவிதையை எழுதினார். அன்று பாட வேண்டியிருந்த சாவுகள் அவர் வாழ்ந்த நகரத்தின் தெருக்களிலேயே நிகழ்ந்திருந்தன.