கைதட்டல் அடங்கிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் நார்த் பெர்கன் என்று ஓர் ஊர். ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் மன்ஹாட்டன், பிராட்வேயின் பெரிய நாடக அரங்குகள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியின் நாடகக் குழு, 2019 மார்ச்சில் 'ஏலியன்' திரைப்படத்தை மேடையேற்றியது.

1979இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய படம் அது. விண்கலத்துக்குள் வேற்றுலக மிருகம் ஒன்று புகுந்துவிடும். ஏழு பேரில் ஒருத்திதான் பிழைப்பாள். பள்ளி மேடைக்கு ஏற்ற கதையா இது? ஆனால் பிள்ளைகளும் ஆசிரியர்களும் துணிந்து இறங்கினார்கள். தூக்கிப்போட வேண்டிய பொருள்களையும் தானமாக வந்த சாமான்களையும் ஒட்டி, வண்ணம் பூசி, விண்கலத்தையும் விண்வெளி உடைகளையும் செய்தார்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவன் நெஞ்சைப் பிளந்துகொண்டு குட்டி மிருகம் வெளியே வருமே, அதையும் விட்டுவைக்கவில்லை. பெரிய மிருகம் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே உலவியது.

போட்டது இரண்டே காட்சிகள். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் படங்களும் காணொளித் துண்டுகளும் இணையத்தில் பரவின. டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று உலகம் கேட்கத் தொடங்கியபோது நாடகம் முடிந்துவிட்டிருந்தது!

பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடும் என் கண்ணுக்கு அபாயமான கட்டம் இதுதான். மேடையில் நடிப்பவனுக்குக் கைதட்டலோ சிரிப்போ அங்கேயே கிடைத்துவிடும். விளக்கை அணைத்ததும் அவன் வீட்டுக்குப் போகலாம். வைரல் ஆனவனுக்கு அப்படி இல்லை. பாராட்டும் கேலியும் போனுக்குள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும், செய்வதற்கோ ஒன்றும் இருக்காது. பதினாறு வயதில் இரண்டுமே தலையைச் சுற்றவைக்கும்.

நார்த் பெர்கன் பிள்ளைகளுக்குச் செய்ய வேலை கிடைத்தது. ரிட்லி ஸ்காட்டே பாராட்டிக் கடிதம் எழுதினார். வசதிக்குறைவுதான் பல நேரம் நல்ல படைப்பைக் கொண்டுவரும் என்பது அவர் கருத்து. வார்த்தையோடு நிற்காமல், இன்னொரு காட்சி போடுவதற்கென்றே 20,000 டாலர் கொடுத்தார். பாராட்டைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பணத்துக்கு வைத்த நோக்கம். மறுபடி ஒத்திகை, மறுபடி வசனம், கழன்ற அட்டையை மறுபடி ஒட்டுவது. புகழை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார யாருக்கு நேரம்?

ஏப்ரல் 26 அன்று அந்தச் சிறப்புக் காட்சி நடந்தது. படத்தில் அந்த ஒருத்தியாக, ரிப்ளியாக நடித்த சிகர்னி வீவர் நேரில் வந்து பிள்ளைகளை வாழ்த்தினார்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஊர் உலகமெல்லாம் சுற்றிய படங்களில் கண்ணைப் பறித்தது அந்த மிருகம்தான். உள்ளே இருந்த மாணவனின் முகம் அதில் தெரியாது. புகழ் வரும்போது தலைக்கு மேல் ஒரு முகமூடி இருந்தது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முகம் தெரிய நடித்த மற்றப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை; அவர்களுக்கு அரணாக நிற்க வேண்டியது ஆசிரியர்கள்.

அப்புறம், ஸ்காட்டின் கடிதத்தில் ஒரு யோசனையும் இருந்தது: அடுத்து அவருடைய இன்னொரு படமான 'கிளாடியேட்டர்' போடலாமே என்று. அந்தக் கதைக்கு வேண்டிய ரோமாபுரியின் கொலோசியம் என்ற பிரம்மாண்ட அரங்கத்தை அட்டையில் கட்டுவது யார் தலையில் விழுமோ என்று அந்தப் பள்ளியின் கலை ஆசிரியர் கட்டாயம் யோசித்திருப்பார்.

நன்றி, வணக்கம்.