நடந்தவர்கள் கட்சியில் நான்

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, வடை சூடா இருந்தும் அதை விட்டுட்டு உள்ளே வந்த மெல்பர்ன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

தலைப்பு தெரியும். இரண்டாம் உலகப் போரில், நியூ கினியின் கோக்கோடா மலைப்பாதையில் ஜப்பானை எதிர்த்த ஆஸ்திரேலியாவின் 39ஆவது பட்டாலியன் என்ற படைப்பிரிவுக்குப் பெருமை சேர்த்தது பாய்ந்து அடித்த வீரமா, தாங்கி நின்ற உறுதியா? நான் உறுதி கட்சி. அவ்வளவுதான். இப்ப எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன்கிட்ட வர்றேன்.

அண்ணன் என்ன சொன்னார்? "கோக்கோடாவிலிருந்து தெனிக்கி, தெனிக்கியிலிருந்து இசுராவா, இசுராவாவிலிருந்து மேனாரி. எல்லாம் பின்னாடி, பின்னாடி! எதிரணி ஆளுங்க செஞ்சது சண்டை இல்லைங்க, வாக்கிங்!" நீங்களும் கைதட்டினீங்க. யார் யார் தட்டினதுன்னு பார்த்து வச்சிருக்கேன்.

ஐயா, அண்ணன் வாக்கிங் போற அழகை நான் பார்த்திருக்கேன். அப்பர் ஃபெர்ன்ட்ரீ கல்லியில ஆயிரம் படிக்கட்டு இருக்கே, அது கோக்கோடா நினைவுப் பாதைதான். வழியெல்லாம் அந்தப் போரைப் பத்திப் பலகை வச்சிருக்காங்க. போன கோடையில நாங்க கும்பலா ஏறினோம். அண்ணன் ஒரு பலகை விடாம நின்னு நின்னு படிச்சார். வரலாற்று மேல இவருக்கு இவ்வளவு பற்றான்னு நான் உருகிப்போயிட்டேன். கிட்ட போய்ப் பார்த்தா, கண்ணு மூடியிருக்கு! பலகையைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குறார். அண்ணி முன் வரிசையில சிரிக்கிறாங்க பாருங்க, எனக்கு வேற சாட்சி வேண்டாம்.

இப்ப அந்தப் பசங்க போன வாக்கிங்கைக் கேளுங்க. நியூ கினித் தீவு, ஓவன் ஸ்டான்லி மலை, 96 கிலோமீட்டர் ஒத்தையடிப் பாதை. ஏறினா முழங்கால் சேறு, இறங்கினா வழுக்கல், நாள் தவறாம மழை. பச்சைக் காட்டுக்குள்ள காக்கி உடுப்போட அனுப்பி வச்சாங்க. எதிரிக்குக் குறி பார்க்க வசதி! வயித்துப்போக்கு வந்து, ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்ட முடியாம, கால்சட்டையோட பின்பக்கத்தையே வெட்டி எறிஞ்சுட்டு நடந்தவங்க உண்டு. சிரிக்கிறீங்க, சிரிங்க. அந்தக் கோலத்துலதான் ராத்திரி முழுக்கத் துப்பாக்கியோட குழிக்குள்ள கிடந்தாங்க.

யார் இவங்க? 1941 அக்டோபர்ல நம்ம விக்டோரியாவுல சேர்த்த உள்நாட்டுக் காவல் படை. நிறையப் பேருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயசு. நியூ கினியோட தெற்குக் கரைத் துறைமுகம் போர்ட் மோர்ஸ்பிக்குக் கூட்டிட்டுப் போய் மாசக்கணக்கா கப்பல் சரக்கு இறக்க விட்டாங்க. 'சாக்லேட் சிப்பாய்'னு பட்டப்பேரு வேற. வெயில் பட்டா உருகிடுவாங்களாம்! 1942 ஜூலை 21, ஜப்பான் படை கோனா, பூனா பக்கம் கரையிறங்கிச்சு. அவங்களை எதிர்த்து மலையேறிப் போனது அந்தச் சாக்லேட்தான்.

"சிப்பாய் கிங்ஸ்பரிக்கு வீரத்துக்கான உச்ச விருது விக்டோரியா கிராஸ் கிடைச்சதே, அது பாய்ந்த வீரம்தானே"ன்னு அண்ணன் கேட்டார். கிடைச்சது. ஆகஸ்ட் 29, இசுராவா, பிரென் இயந்திரத் துப்பாக்கியை இடுப்புல வச்சுச் சுட்டுக்கிட்டே பாய்ஞ்சார், அங்கேயே உயிரை விட்டார். கும்பிட வேண்டிய ஆள். ஆனா அண்ணே, அவர் 2/14 பட்டாலியன். இங்க தலைப்பு 39. தலைப்புல இருக்கிறதே ஒரு நம்பர், அதையும் படிக்கலன்னா எப்படி?

சரி, வாக்கிங்குக்கே வர்றேன். நான் இதை விடமாட்டேன். 39ஐச் சேர்ந்த முப்பது பேர். காயக்காரங்க, காய்ச்சல்காரங்க. இனி சண்டைக்கு லாயக்கில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஜான்ஸ்டன்னு ஒரு லெப்டினன்ட் கூட்டிட்டுப் போறார். ஐயா, உத்தரவோடதான் போறாங்க. ஊருக்குப் போகலாம், கட்டில்ல படுக்கலாம், ஒருத்தனும் குறை சொல்ல முடியாது. பாதையில சேதி வருது: இசுராவாவுல நம்ம பட்டாலியன் மாட்டிக்கிச்சு.

முப்பது பேர்ல இருபத்தேழு பேர் திரும்பிட்டாங்க.

எந்தப் பக்கம் திரும்பினாங்க? சொல்லுங்க! (சத்தமா!) ஆமா, சண்டைப் பக்கம். அண்ணே, இதுவும் வாக்கிங்தான். இறங்கி வந்த அதே சேத்துல, அதே காய்ச்சலோட, மறுபடி ஏறின வாக்கிங்.

மிச்சம் மூணு பேர் ஏன் திரும்பலன்னு அண்ணன் குறிச்சுக்கிறார். எதிரணிக்குப் பாயிண்டாம். எழுதிக்கோங்க. ஒருத்தனுக்குப் பாதம் இல்லை. இன்னொருத்தனுக்குத் தொண்டையில குண்டு. மூணாவது ஆளுக்கு முன்கை சிதறிப்போச்சு. எழுதிட்டீங்களா? பேனாவை மூடிடுங்க.

ஓடினவங்கன்னு முதல்ல சொன்னது நம்ம அண்ணன் இல்லை. அதுலயும் அவர் லேட்டு. நவம்பர் 9, கோயிட்டாக்கி அணிவகுப்பு. 39க்குத் தோள் கொடுத்த 21ஆவது பிரிகேடு நிக்குது. தலைமைத் தளபதி பிளேமி வந்து, ஓடுற முயல்தான் சுடப்படும்னு பேசிட்டுப் போனார். அப்புறம் அவர் ஆஸ்பத்திரியில காயக்காரங்களைப் பார்க்கப் போனப்ப, படுக்கையில இருந்தவங்க லெட்டூஸ் இலையைக் கடிச்சுக்கிட்டே அவரைப் பார்த்தாங்கன்னு சொல்லுவாங்க. முயல்னு சொன்னேல்ல, இந்தா, தின்கிறோம்! அண்ணே, நாளைக்கு உங்க வீட்டுக்கு ஒரு கட்டு அனுப்பி வைக்கிறேன்.

பின்வாங்கினதுல என்ன லாபம்? ஒவ்வொரு நாளும் ஜப்பான்காரனோட சோத்து வழி நீண்டுக்கிட்டே போச்சு. பிடிக்க வந்த மோர்ஸ்பி கண்ணுக்கெட்டுற தூரம் வரை வந்துட்டு, பட்டினியோட திரும்பினான். நவம்பர் 2, கோக்கோடா மறுபடி நம்ம கையில. டிசம்பர்ல இதே 39 கோனா கடற்கரையில நின்னுச்சு. 39ஓட தளபதி கர்னல் ஹோனர் அனுப்பின செய்தி ரெண்டே வார்த்தை: "கோனா போச்சு!" அதாவது, எதிரி கையை விட்டுப் போச்சு.

இன்னும் ரெண்டு பாயிண்ட் எழுதி வச்சிருந்தேன். வேண்டாம், வச்சுடறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். அந்தச் சேத்துல ஸ்ட்ரெச்சரைத் தூக்கி இறக்கினவங்க பப்புவா மக்கள். ஒரு காயக்காரனுக்கு எட்டுத் தோள். ஏதோ ஒரு ஊர்ப் பையன், தன் பாஷை தெரியாதவன். அவன்மேல மழை படாம இலை போட்டு மூடி, ஆத்தைத் தாண்டித் தூக்கிட்டு வந்தாங்க. இந்த ஊர்ல எத்தனை அம்மாக்களுக்குப் பிள்ளை திரும்பி வந்தது அந்தத் தோளாலதான். நாமளும் பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பிட்டு, போன் வருமான்னு உட்கார்ந்திருக்கிற அம்மாக்களோட பிள்ளைங்கதானே?

1943 ஜனவரி. விமானம் ஏற தோபோதுரா ஓடுதளத்துக்கு 39 நடந்து வருது. நடக்கத் தெம்பிருந்து வரிசையில வந்தது முப்பத்திரண்டு பேர். ஒரு பட்டாலியன்ல முப்பத்திரண்டு! அங்க நின்ன எவனோ கேட்டான், "இது என்ன கூட்டம்?" யாரும் திரும்பல. மறுபடி கேட்டான். வரிசையிலிருந்து அதட்டல் வந்துச்சு: "இது கூட்டமில்லை! இது 39!"

அதே வருஷம் ஜூலையில பட்டாலியனையே கலைச்சுட்டாங்க, ஐயா.

மணி அடிச்சாச்சு, தெரியுது. தீர்ப்பை எங்க பக்கம் சொன்னாலும் சரி, அண்ணன் பக்கம் சொன்னாலும் சரி. இப்ப அந்த முப்பத்திரண்டு பேருக்காக இந்த அரங்கம் எழுந்து ஒரு தடவை கைதட்டட்டும். அண்ணே, நீங்களும் எழுந்திருங்க. பலகையைப் பிடிச்சுக்கிட்டாவது எழுந்திருங்க. நன்றி, வணக்கம்.