கூரையைத் தொட்ட பிறகு

வணக்கம் நேயர்களே.

வீட்டில் மழைநீரைச் சேமித்து வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்ததும் ஒரு டம்ளரில் பிடித்துக்கொண்டு வந்து காட்டுவார்கள். "பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு. அப்படியே குடிக்கலாம்தானே?" என்பார்கள். கிருமி கண்ணுக்குத் தெரியாது. கரைந்திருக்கும் ஈயத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அதனால் டம்ளரைப் பார்த்து நான் பதில் சொல்வதில்லை. கூரையைக் காட்டுங்கள் என்று கேட்பேன்.

மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு. சோப்பு நன்றாக நுரைப்பது அதனால்தான். காற்றில் இருக்கும் கரியமில வாயு கரைவதால் அதற்கு லேசான அமிலத்தன்மையும் உண்டு. மாசில்லாத காற்றில் பெய்யும் மழைக்கே பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே போனால் அமிலம்) 5.6 அளவில் இருக்கும். இந்த மென்மையான நீர் தான் தொடும் உலோகத்தை மெல்ல அரித்துத் தன்னோடு கொண்டுவரும். ஈயம் கலந்த பழைய பெயின்ட் அடித்த கூரையோ, இணைப்புகளை ஈயத்தகட்டால் அடைத்த கூரையோ இருந்தால், அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு ஈயம். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

அடுத்தது பறவை எச்சம், எலிப் புழுக்கை, மட்கிய இலை. சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகள் இந்த வழியாகத்தான் தொட்டிக்குள் வருகின்றன. மழையில்லாத நாட்களில் கூரையில் சேர்ந்ததையெல்லாம் முதலில் விழும் மழைதான் கழுவிக்கொண்டு வரும். அதை உள்ளே விடக்கூடாது. கணக்கு எளிது: 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். குறைந்தது அவ்வளவையாவது வெளியே விடுங்கள். கூரைமேல் மரக்கிளை கவிந்திருந்தாலோ, புறாக்கள் அடைந்தாலோ இரு மடங்கு விடுங்கள்.

இதற்கென்று பல வீடுகளில் தனியாக ஒரு செங்குத்துக் குழாய் வைத்திருக்கிறார்கள். அழுக்கு நீர் முதலில் அதில் நிரம்பும். பிறகு வருவது தொட்டிக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் அடியில் நீர் சொட்டி வடிவதற்கான சிறு துளை இலைத்தூளால் அடைத்துக்கொள்ளும். குழாய் காலியாகாமல் அப்படியே நிற்கும். அடுத்த மழையில் மொத்த அழுக்கும் நேராகத் தொட்டிக்குள் இறங்கிவிடும். நான் பார்த்த கெட்டுப்போன தொட்டிகளில் பாதிக்குக் காரணம் இந்த ஒரு துளைதான். மழை விட்டதும் அடி மூடியைத் திறந்து விடுங்கள், இரண்டு நிமிட வேலை.

தொட்டிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். மூடி இடைவெளியிலும் வழிந்தோடும் குழாயிலும் வலை இல்லையென்றால் கொசு முட்டையிடும். அடியில் படியும் வண்டலில்தான் உலோகமும் கிருமியும் அதிகம் தங்கும். ஆகவே வரும் நீர் அந்த வண்டலைக் கலக்காதபடி உள்குழாயின் நுனியை மேல்நோக்கி வளைத்து விடுங்கள். எடுக்கும் குழாயையும் தரையிலிருந்து சற்று உயரத்தில் வையுங்கள்.

கழிவறைக்கும், தரை துடைக்கவும், துணி துவைக்கவும் இதற்கு மேல் எந்தச் சுத்திகரிப்பும் தேவையில்லை. குடிப்பதற்கு என்றால் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். மிக உயரமான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். குளோரின் போடுகிறவர்கள் கலந்த பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கிய நீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்குச் சாகாது, கொதிநீரில் சாகும். கைக்குழந்தையோ நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருக்கும் வீட்டில் நான் கொதிக்க வைப்பதையே சொல்வேன்.

மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி ஈ.கோலை. குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு அது ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுக்கும்போது தொட்டி அமைதியாகத் தெளிந்து கிடக்கும் நாளில் எடுக்காதீர்கள். பலத்த மழை பெய்த மறுநாள், நீங்கள் குடிக்கப் பிடிக்கிற அதே குழாயில் பிடித்துக் கொடுங்கள். ஈயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வணக்கம்.