உப்பிலே பிழைக்கும் உயிர்கள்

வணக்கம். உப்பு போட்டால் கெடாது என்பது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதி. தோல் தொழிலும் காலங்காலமாக அதை நம்பித்தான் நடக்கிறது. அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

உரித்த பச்சைத் தோலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். சும்மா விட்டால் சில மணி நேரத்திலேயே அழுக ஆரம்பித்துவிடும். அதனால் தோலின் எடையில் 40, 50 சதவீதம் அளவுக்கு உப்பைத் தூவி அடுக்குகிறார்கள். உப்பு ஈரத்தை இழுத்துவிடும். மிஞ்சிய ஈரமும் கெட்டியான உப்புநீராகும். வழக்கமாக அழுகல் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அதில் பெருகாது.

ஆனால் உப்பு இருந்தால்தான் வாழ்வேன் என்கிற கூட்டம் ஒன்று உண்டு. ஹாலோபாக்டீரியம் அதில் பிரபலமானது. பெயர்தான் அப்படி, உண்மையில் பாக்டீரியா இல்லை; ஆர்க்கியா என்ற தனி நுண்ணுயிர்க் கிளையைச் சேர்ந்தது. நல்ல தண்ணீரில் போட்டால் செல் உடைந்து செத்துப்போகும். 20, 25 சதவீத உப்பில் சுகமாக இருக்கும். உடம்பில் சிவப்பு நிறமி. உப்பளப் பாத்திகள் சில சமயம் இளஞ்சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் இவற்றால்தான். உப்பிட்ட மீன் சிவப்பதும் அப்படியே. தோலின் சதைப்பக்கத்தில் இவை படர்ந்தால் தொழிலில் 'ரெட் ஹீட்' என்பார்கள்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். சரக்கில் சிவப்புப் படிந்த ஒரு வியாபாரி, உரித்த இடத்தில்தான் அழுக்கு ஒட்டியது என்று சண்டைக்கு நின்றார். உப்பு வெள்ளை வெளேரென்று இருக்கிறது, அதைக் குறை சொல்லாதே என்றார். அந்த உப்பில் ஒரு கைப்பிடி வாங்கி, உப்பு நிறைந்த சத்துக்கூழில் விதைத்து, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தோம். முதல் சில நாட்கள் ஒன்றுமில்லை; அவர் முகத்தில் ஒரே வெற்றிக்களை. அப்புறம் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்தன. விசாரித்தால், பழைய சரக்கிலிருந்து உதறிய உப்பையும் புது உப்போடு கலந்திருக்கிறார்! கடல் உப்பின் படிகத்துக்குள் சிறைப்பட்ட நீர்த்துளியிலேயே இவை உயிரோடு கிடக்கும். பழைய உப்பென்றால் கேட்கவே வேண்டாம், முந்தைய தோலின் புரதமும் கூடவே வரும். ஆக, உப்பு காவல்காரன்தான், திருடனைக் கூட்டிவருவதும் அவன்தான்.

சரி, கழுவினால் சிவப்பு போய்விடுமே? போகும். போகாதது சேதம். இவற்றில் பல வகைகள் புரதத்தையும் கொழுப்பையும் அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. மயிர் நீக்கிச் சாயமேற்றிய பிறகுதான், தோலின் மேற்பரப்பு மங்கியும் உரிந்தும் குழிகளோடும் தெரியும். இன்னொன்று: மிதமான உப்பை விரும்பும் நிறமற்ற பாக்டீரியாக்களும் உண்டு. சிவப்பில்லை என்பதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

உப்பு அவற்றைக் கொல்வதில்லை, மறுபடியும் சொல்கிறேன். ஆனால் சூடு இல்லாவிட்டால் அவை மந்தமாகிவிடும். 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கொண்டாட்டம். 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றேபோகும். ஆகவே புது உப்பு, குளிர்ந்த கிடங்கு, காற்றோட்டம்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். உப்பைக் குறைத்துக் குளிரில் பாதுகாப்பது, உடனுக்குடன் பதனிடுவது, இவற்றைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: தோலை ஊறவைக்கும்போது கரையும் அத்தனை உப்பும் கழிவுநீரில்தான் சேர்கிறது, சாதாரணச் சுத்திகரிப்பு அதைப் பிரிக்காது. மற்றதை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.